வேதியர் வகுப்பு: தரங்கம்பாடி முதல் கிள்ளான் வரை

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கோடை என்றொரு பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் ஒரே வெயில். ஆண்டு முழுவதும் மாலை மழை. தமிழ்நாட்டிலே சித்திரையும் வைகாசியும் பள்ளிகளை மூடிவிடும். இங்கே பள்ளியை மூடுவது வெயில் அன்று. அரசாங்கம் குறித்த விடுமுறை நாள். ஆயினும், மேலை நாட்டு இறையியற் கல்லூரிகள் 'கோடைப் பள்ளி' என்று பெயரிட்டு நடத்தும் இரண்டு வார, நான்கு வாரப் பாடத்திட்டங்களுக்கு ஒப்பானவை இவ்வட்டாரத்துத் தமிழர் நடுவேயும் இருந்துவருகின்றன. பெயர்தான் வேறு. விடுமுறை வகுப்பு என்பர். உபதேசியார் வகுப்பு என்பர். பயிற்சி முகாம் என்பர். அலுவலகத்தில் வேலை செய்பவர், பள்ளியில் கற்பிப்பவர், தோட்டத்தில் வாழ்ந்து பழகியவர் ஆகியோர் சில நாள் ஓரிடத்தில் கூடி, வேதமும் சமயக் கோட்பாடும் சபை நடத்தும் முறையும் கற்றுத் தத்தம் இடம் திரும்புவதே அதன் இலக்கணம்.

சமயக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெருங்கல்லூரிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். கட்டடம் எழுப்பிய ஆண்டும், முதல்வர் பெயரும், பட்டம் பெற்றோர் தொகையும் ஏட்டில் நின்றுவிடுகின்றன. ஒரு மாதம் கற்று ஊர் திரும்பிய உபதேசியாரின் பெயரை எந்த ஏடும் காத்துவைப்பதில்லை. ஆனால் தமிழரிடையே கிறித்தவ சமயம் ஊர் ஊராகப் பரவியதும், தோட்டம் தோட்டமாக நிலைத்ததும் யாரால் என்று கேட்டால், அந்தப் பெயரற்ற மாணவரையே நாம் சுட்டவேண்டியிருக்கும். அவர் கற்ற பள்ளியின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். அது சமய வரலாறு மட்டுமன்று. தமிழ் உரைநடையின் வரலாறும் ஆகும். ஆதலால் எச்சமயத்தவராயினும் தமிழாசிரியர்கள் இதனைக் கருதிப் பார்த்தல் தகும்.

வேதியருக்கு ஒரு நூல்

உபதேசியார் என்பது சீர்திருத்தச் சபையினர் வழங்கிய பெயர். கத்தோலிக்கர் பழைய நாளில் வழங்கிய பெயர் 'வேதியர்' என்பது. குருமார் மிகச் சிலராகவும் ஊர்கள் மிகப் பலவாகவும் இருந்த மதுரை மிஷனில், ஓர் ஊருக்குக் குரு வந்து போவதற்கு ஆண்டு ஒன்றும் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் மந்திரம் சொல்லிக் கொடுப்பவரும், சாகுந்தறுவாயில் இருப்பவரிடம் செல்பவரும், வழக்குத் தீர்ப்பவரும் வேதியரே.

அந்த வேதியர்களுக்காகவே வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கி பாதிரியார் 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை 1727 அளவில் இயற்றினார். தேம்பாவணியைப் பாடிய அதே கை, காப்பிய நடையை விட்டு இறங்கி, வேதியர் எவ்வாறு வாழ வேண்டும், எவ்வாறு போதிக்க வேண்டும் என்பதை வசனத்தில் எழுதியது. தமிழ் உரைநடை வளர்ச்சியைக் கூறும் நூல்கள் இதனைத் தவறாமல் குறிப்பிடுகின்றன. ஆனால் இந்நூல் ஏன் உரைநடையில் எழுந்தது என்பதை அவை அழுத்திச் சொல்வதில்லை. காப்பியம் அவைக்களத்திற்கு உரியது. வேதியரோ ஆண்டுக்கணக்கில் ஆசிரியர் காலடியில் அமர்ந்து செய்யுள் கற்கும் வாய்ப்பில்லாதவர். அவருக்குத் தேவைப்பட்டது, படித்தவுடன் விளங்கும் நூல். ஊருக்கு எடுத்துச் சென்று மீண்டும் மீண்டும் பார்க்கும் நூல். குறுகிய காலக் கல்வி உரைநடையை வேண்டி நின்றது, உரைநடை வந்தது.

தரங்கம்பாடியும் ஆரோன் ஐயரும்

1706 சூலை 9 ஆம் நாள் சீகன்பால்கும் புளுச்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினர். தமிழில் புதிய ஏற்பாடு 1715 இல் அச்சேறி முடிந்தது. அடுத்த ஆண்டே, 1716 இல், பள்ளி ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பழக்குவதற்கு ஒரு பயிற்சிப் பள்ளியைச் சீகன்பால்கு தொடங்கினார். நூலை அச்சிட்டது முதல் வேலை. அந்நூலைப் படித்து விளக்க ஆள் தேடியது இரண்டாவது வேலை. இவ்விரண்டும் ஓராண்டு இடைவெளியில் நடந்தன என்பது நினைக்கத்தக்கது. சீகன்பால்கு 1719 இல் மறைந்தார், பள்ளி மறையவில்லை.

அங்கே உருவானவருள் தலையாயவர் ஆரோன். கடலூரில் சைவ வணிகக் குடும்பத்தில் ஆறுமுகம் என்ற பெயரில் பிறந்தவர். 1718 இல் ஞானத்திருமுழுக்குப் பெற்று, உபதேசியாராகப் பல ஆண்டு ஊரூராகச் சென்று உழைத்தார். 1733 திசம்பரில் அவருக்குக் குருப்பட்டம் வழங்கப்பட்டது. இந்தியரில் சீர்திருத்தச் சபையின் முதற்குரு அவரே. அவர் கல்லூரியில் இருந்து நேரே பட்டத்திற்கு வந்தவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். கற்றார், ஊருக்குப் போனார், திரும்பி வந்து கண்டதைக் கூறினார், மீண்டும் கற்றார். அவர் கற்ற காலத்தையும் உழைத்த காலத்தையும் பிரித்துக் கோடு போட முடியாது.

அடுத்த தலைமுறையில் சத்தியநாதனின் வரலாறும் இதுவே. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் பழகி, உபதேசியாராக நெடுநாள் உழைத்து, 1790 இல் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். திருநெல்வேலிச் சீமையில் பின்னர் எழுந்த பெருஞ்சபைக்கு அடிகோலியவர்களுள் அவர் ஒருவர். சுவார்ட்சிடம் பயின்ற மற்றொருவர் வேதநாயக சாஸ்திரியார். அவரும் தரங்கம்பாடியில் சிலகாலம் இறையியல் கற்றவர். பிற்காலத்தில் அவர் பாடிய பெத்தலகேம் குறவஞ்சி இன்றும் தமிழ்க் கிறித்தவர் நாவில் நிலைத்திருக்கிறது.

வட்டுக்கோட்டை தரும் பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீண்டகாலக் கல்லூரிகள் எழுந்தன. அவற்றுள் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

சாயர்புரத்தில் ஜி. யு. போப் 1840களில் ஒரு குருமடக் கல்லூரியை அமைத்தார். 1853 இல் அங்கே தமிழாசிரியராக அமர்த்தப்பட்டவர் வைணவரான கிருஷ்ண பிள்ளை. 1858 இல் கிறித்தவரான அவர், 1894 இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். வருங்கால உபதேசியார்களுக்கு நல்ல தமிழ் வேண்டும் என்பதற்காக ஒரு தமிழ்ப் புலவரைத் தேடி அமர்த்தியதன் விளைவாகத் தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்தது.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823 இல் ஒரு செமினரி நிறுவினர். டேனியல் பூவர் அதன் முதல் முதல்வர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானநூல் அனைத்தும் அங்கே உயர்ந்த நிலையில் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் தந்த முதல் பட்டங்களைப் பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் அச்செமினரியில் பயின்றவரே. கலித்தொகையை 1887 இல் அச்சேற்றித் தந்த தாமோதரம் பிள்ளைக்குத் தமிழுலகம் பட்டுள்ள கடன் சொல்லில் அடங்காது. ஆனால் அவர் பிற்காலத்தில் சைவராகவே வாழ்ந்தார். செமினரியை நிறுவியவர் வேண்டியதோ போதகர். கிடைத்தவர் அரசாங்க உத்தியோகத்தரும் அறிஞரும். ஆங்கிலம் கற்ற இளைஞர் ஊர்ச் சபைக்குத் திரும்பவில்லை. மிஷனின் தலைமைச் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் கடல் கடந்து வந்து ஆராய்ந்த பின், 1855 இல் செமினரி மூடப்பட்டது. மக்களுக்குப் போதிப்பவர் மக்கள் மொழியிலேயே கற்க வேண்டும் என்பது ஆண்டர்சனின் துணிபு.

ஆண்டர்சன் செய்தது சரியோ தவறோ என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. நூறு அறிஞரை ஆக்கிய பள்ளியைப் போதகரை ஆக்கவில்லை என்று மூடுவது நியாயமா என்று யாழ்ப்பாணத்தார் கேட்டனர். அக்கேள்வியின் விடையாகவே 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆயினும் ஒன்று தெளிவு. நீண்டகாலம் ஊரை விட்டுப் பிரித்து, ஊர் பேசாத மொழியில் கற்பித்தால், கற்றவர் ஊருக்குத் திரும்புவது அரிது. இப்படித் திரும்பாதவருள் பலருடைய பிள்ளைகளும் பேரர்களும் கப்பலேறி மலாயா வந்து, ரயில்வேயிலும் கச்சேரிகளிலும் எழுத்தர்களாக அமர்ந்தனர். வட்டுக்கோட்டையின் வரலாறு பிரிக்பீல்ட்ஸ் வரலாற்றோடு வந்து சேரும் இடம் இது.

கோடைப் பள்ளி பிறந்த கதை

இனி, 'கோடைப் பள்ளி' என்ற பெயர் எங்கே தோன்றிற்று என்று காண்போம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஷடாக்வா ஏரிக்கரையில், 1874 ஆகஸ்டில், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கென இரண்டு வார வகுப்பு ஒன்று கூடியது. அதனைக் கூட்டியவர் இருவர்: ஜான் ஹெயில் வின்சென்ட் என்ற மெதடிஸ்ட் போதகர், லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபர். வார நாளில் வேறு தொழில் செய்து ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதம் கற்பிப்போர்க்கு, விடுமுறையில் ஒழுங்கான கல்வி தருவதே நோக்கம். அந்த வகுப்பு வளர்ந்து பெரியதோர் இயக்கமாயிற்று. அங்கே கோடையில் எபிரேயம் கற்பித்த வில்லியம் ரெயினி ஹார்ப்பர்தான் பின்னர்ச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகி, கோடையையும் ஒரு முழுக் கல்விப் பருவமாக்கினார். ஆக்ஸ்போர்டில் மான்ஸ்பீல்ட் கல்லூரி 1892 இல் இறையியற் கோடைப் பள்ளி ஒன்றைக் கூட்டியது. அங்கே வந்தவர் பெரும்பாலும் ஏற்கெனவே சபை நடத்திக்கொண்டிருந்த போதகர்.

இதற்கும் முன்னரே அமெரிக்க மெதடிஸ்ட் சபையில் ஒரு வழக்கம் உண்டு. குதிரை மேல் ஏறி ஊர் சுற்றிய போதகர்கள் கல்லூரிக்குச் செல்ல இயலாதவர்கள். அவர்கள் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலை வகுக்க 1816 இல் அச்சபை விதி செய்தது. போதகர் வழியிலே படிப்பார். ஆண்டு மாநாட்டிற்கு வரும்போது மூத்தோர் அவரைத் தேர்வு செய்வர். சேணமே அவருக்குப் பள்ளி இருக்கை என்று சொல்லலாம். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தம் போதகர்களும் சபையாரும் படிக்க 1749 முதல் 1755 வரை ஐம்பது தொகுதிகள் கொண்ட நூல் வரிசையை வெளியிட்டதும் இந்நோக்கத்தோடுதான். வீரமாமுனிவர் வேதியர்க்கு நூல் செய்ததையும் வெஸ்லி தம் போதகர்க்கு நூல் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், இருவர்க்கும் இடையே சமயப் பிரிவும் கடலும் இருந்தாலும் சிக்கல் ஒன்றே என்பது விளங்கும்.

பிரிக்பீல்ட்சும் கிள்ளானும்

அமெரிக்க மெதடிஸ்ட் சபை 1885 இல் சிங்கப்பூருக்கு வந்தது. 1897 இல் கோலாலம்பூரில் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியைத் தொடங்கியது. போதகர் உழைத்துக்கொண்டே கற்று மாநாட்டில் தேர்வு கொடுக்கும் வழக்கத்தையும் அச்சபை தன்னுடன் கொண்டுவந்தது.

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் ரயில் பாதை 1886 இல் ஓடத் தொடங்கியது. சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901 இல் திறக்கப்பட்டது. அப்பாதையை ஒட்டியே தமிழர் குடியேறினர். குடியேறிய இடத்தில் கோயிலும் ஆலயமும் எழுந்தன. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர் குடியிருப்பாயிற்று. அங்கே தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும், 1924 இல் கட்டப்பெற்ற தமிழ் லுத்தரன் சீயோன் ஆலயமும், யாழ்ப்பாணத்தார் ஸ்காட் சாலையில் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் நடந்தே சென்று காணும் தொலைவில் உள்ளன. கிள்ளானில் லூர்து அன்னை ஆலயம் 1928 இல் நிறைவுற்றது. தமிழ்க் கத்தோலிக்கர்க்கெனக் கோலாலம்பூர்ப் புடுவில் புனித அந்தோணியார் ஆலயம் 1910 இல் எழுந்தது.

நகரத்து ஆலயங்களுக்குக் குரு இருந்தார். நகரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு யார் இருந்தார்? பழைய மதுரை மிஷனின் நிலைமை இங்கே மறுபடியும் தோன்றியது. குரு சிலர், தோட்டம் பல. லயத்துக் குடும்பங்களை ஞாயிறு மாலையில் கூட்டி வைத்துச் செபம் சொல்லியவர் உபதேசியார். பல இடங்களில் அவரே தோட்டப் பள்ளி ஆசிரியர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் ஆசிரியரை எங்கே தேடுவது? எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரோ அவரே ஆசிரியர். அவ்வாறு அமைந்த ஆசிரியர்கள் பின்னர் வார இறுதியில் கூடிய நார்மல் வகுப்புகளில் பயிற்சி பெற்றதை மூத்த தமிழாசிரியர் குடும்பங்கள் நன்கறியும். வேலையை விடாமல் விடுமுறையில் கற்பது என்ற முறையில் மலாயாத் தமிழாசிரியரும் உபதேசியாரும் ஒரே கொடியில் பூத்தவர்கள்.

எல்லையும் மொழியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948 இல், சிங்கப்பூரில் திரித்துவ இறையியற் கல்லூரி தொடங்கப்பட்டது. மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டீரியன் தலைவர்கள் சாங்கிச் சிறையில் கைதிகளாக இருந்தபோது பேசியதில் முளைத்த எண்ணம் அது. ஆங்கிலமும் சீனமும் அதன் பயிற்று மொழிகளாக அமைந்தன. தமிழில் முறையான இறையியல் கற்க விரும்பியவர் கடல் கடந்து தமிழகம் சென்றார். அல்லது தமிழகத்துக் குருமார் இங்கு வந்தனர். தமிழகத்தில் திருமறையூர்க் கல்லூரியும் தரங்கம்பாடிக் குருமடமும் தமிழிலேயே கற்பித்து வந்தன. இவ்விரண்டும் இணைந்து 1969 இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியற் கல்லூரி ஆயிற்று.

1965 இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. கல்லூரி ஒரு நாட்டிலும் மாணவர் மற்றொரு நாட்டிலும் என்ற நிலை வந்தது. வெளிநாட்டுச் சமயப் பணியாளர் மலேசியாவில் தங்கும் காலத்திற்கும் வரம்பு ஏற்பட்டது. உள்நாட்டிலேயே கற்பிக்க வேண்டும் என்ற கட்டாயத்தால் 1979 இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் சேர்ந்து மலேசிய இறையியற் கல்லூரியைக் கோலாலம்பூரில் நிறுவின. 1998 இல் அது சிரம்பானுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே தமிழுக்கும் இடம் உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது.

இதே காலத்தில் உலகெங்கும் ஒரு மறுசிந்தனை நிகழ்ந்தது. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டுப் பிரெஸ்பிட்டீரியன் குருமடத்தார், தலைநகரில் படித்தவர் மலைநாட்டுச் சிற்றூருக்குத் திரும்புவதில்லை என்றும், சிற்றூர்ச் சபையை உண்மையில் நடத்துபவர் குடும்பத்தை விட்டுப் படிக்க வர இயலாதவர் என்றும் கண்டனர். மாணவரைக் கல்லூரிக்கு அழைப்பதை விட்டு, 1963 இல் கல்லூரியை மாணவரிடம் கொண்டுசென்றனர். வீட்டிலே பாடநூல்; வாரம் ஒருமுறை அருகிலுள்ள ஊரில் ஆசிரியரோடு உரையாடல். இம்முறை 1971 இல் பெங்களூரை நடுவாகக் கொண்டு இந்தியாவிலும் வேரூன்றியது. புதுமை என்று இதனைப் பலர் போற்றினர். ஆரோன் ஐயரின் வரலாற்றை அறிந்தவர்க்கு இதில் புதுமை சிறிதே.

1976 ஆகஸ்டு

மலேசியத் தமிழர் நினைவில் நிற்க வேண்டிய குறுங்கால வகுப்பு ஒன்று உண்டு. அதில் மாணவராக அமர்ந்தவர் உபதேசியார் அல்லர், குருமார்.

பினாங்கில் உள்ள கத்தோலிக்கக் குருமடமான காலேஜ் ஜெனரல் மிகப் பழையது. பாரிஸ் வேதபோதக சபையார் 1665 இல் சயாம் நாட்டு அயுத்தியாவில் தொடங்கி, பல துன்பங்களுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் பின் 1808 இல் பினாங்கில் நிலைநிறுத்தியது. சீனரும் வியட்நாமியரும் சயாமியரும் ஒருங்கிருந்து கற்ற அங்கே அனைவர்க்கும் பொதுமொழி இலத்தீன். எந்த மாணவர்க்கும் அது தாய்மொழி அன்று.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் வழிபாடு மக்கள் மொழிக்கு வந்தது. தமிழில் பூசை கேட்ட முதல் நாள் பலர்க்கு வியப்பாயிருந்தது. ஆனால் மொழி மாறியதாலே முறை மாறிவிடுமா என்ற வினா எழுந்தது. அதற்கு விடை காண, 1976 ஆகஸ்டு மாதம் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருமார்களும் பினாங்குக் குருமடத்தில் ஒரு முழு மாதம் கூடினர். தம் பங்குகளை விட்டு மாணவர்களாகச் சென்றனர். அந்த மாதம் பங்குகளில் வழக்கமான திருப்பலி இல்லை. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் ஞாயிறு வழிபாட்டை நடத்தும் பொறுப்பு பொதுநிலையினரிடம் வந்தது. குரு கற்கப் போனார். மக்கள் நடத்தக் கற்றனர். சிறு சிறு வட்டாரக் குழுக்களாகக் கூடி வேதம் படித்துச் சிந்திக்கும் அடிப்படைச் சமூக முறையே தம் எதிர்காலப் பாதை என்று அக்கூட்டம் முடிவு செய்தது.

ஒரு மாதத்தில் இரண்டு பள்ளிகள் நடந்தன என்று சொல்லலாம். ஒன்று பினாங்கில் குருமார்க்கு. மற்றொன்று பெயரில்லாமல் ஒவ்வொரு பங்கிலும் மக்களுக்கு. இரண்டாவதே கடினமான பள்ளி. பழைய நாளில் தோட்டத்து உபதேசியாராக ஒருவர் இருந்த குடும்பத்திற்கு அப்பள்ளி புதிதாய் இருந்திராது. குரு இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பழக்கமானதே.

சொல் என்னும் சிக்கல்

குறுங்கால வகுப்பில் தமிழாசிரியர் அறிய வேண்டிய இடர் ஒன்று உண்டு. அது கலைச்சொல். கடவுளைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கர் வழக்கைத் தழுவிச் சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் அது 'பராபரன்' ஆயிற்று. 1871 இல் வெளியான பவர் குழுவினரின் திருத்தத்தில் 'தேவன்' ஆயிற்று. 1995 இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து கொணர்ந்த திருவிவிலியத்தில் 'கடவுள்' ஆயிற்று. நான்கு சொல், நான்கு தலைமுறை. தாத்தா பராபரனை வணங்கினார், பேரன் கடவுளை வணங்குகிறான். இருவரும் ஒருவரையே வணங்கினர் என்பதை விளக்குவதற்குச் சொல்வரலாறு தெரிந்த ஆசிரியர் வேண்டும். நான்கு ஆண்டுக் கல்லூரியில் இதற்குத் தனிப் பாடம் இருக்கலாம். நான்கு நாள் வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரமே கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் கற்பிப்பவர் மொழி வல்லவராய் இராவிட்டால், மாணவர் ஒரு சொல்லை மெய்யென்றும் மற்றதைப் பிழையென்றும் எண்ணிக்கொண்டு ஊர் திரும்புவார். சபைகளில் எழும் பூசல்களில் சில இவ்வாறு தொடங்குவதுண்டு.

தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. கொழும்பிலும் ரோமாபுரியிலும் இறையியல் கற்றுக் குருவானவர் அவர். தமிழை ஆழ்ந்து கற்றதோ அதற்குப் பின், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராய் இருந்துகொண்டே, ஒரு பண்டிதரிடம். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். 1961 இல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குத் தலைவராக வந்து, 1966 இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட வழிசெய்தார். நீண்டகாலக் குருமடம் அவர்க்கு இலத்தீனைத் தந்தது. வேலையோடு வேலையாகக் கற்ற கல்வி தமிழைத் தந்தது. எதனால் அவர் நம்மவர் ஆனார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சைவர்க்கும் இது புதிதன்று. திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்தப் பயிற்சி வகுப்புகள் வேலை பார்ப்போர்க்கென வார இறுதியில் கூடுபவை. கணக்கரும் ஆசிரியரும் இல்லத்தரசியரும் அங்கே சிவஞானபோதம் கற்கின்றனர். மடத்தின் நீண்ட பாடமரபு குறுகிய வகுப்பாக இறங்கி வந்ததால் சாத்திரம் மடத்தைத் தாண்டி வீட்டிற்கு வந்தது.

முடிவாக

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒன்று: குறுங்கால வகுப்பு கற்பவரின் தாய்மொழியில் நடந்தபோதே அவருடன் ஊருக்குத் திரும்பியது. இரண்டு: வகுப்பு முடிந்தபின் கையில் இருக்க ஒரு நூல் வேண்டும். வேதியர் ஒழுக்கம் போன்ற நூலின்றி நடக்கும் வகுப்பு நீர்மேல் எழுத்து. மூன்று: கற்றவர் உடனே ஒரு பொறுப்பை ஏற்றுச் செய்ய வேண்டும், மீண்டும் ஆசிரியரிடம் வந்து கண்டதைக் கூற வேண்டும். இம்மூன்றும் இருந்த இடத்தில் ஆரோன் போன்றோர் தோன்றினர். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வகுப்பு ஒரு சுற்றுலாவாகவே முடியும். அதற்கு ஒரு சான்றிதழும் ஒரு புகைப்படமும் மிஞ்சும்.

குறுங்கால வகுப்பை நீண்டகாலக் கல்லூரிக்கு மாற்றாக யாரும் கொள்ளலாகாது. மூலமொழி அறிவும் ஆழ்ந்த ஆராய்ச்சியும் சில வாரத்தில் வாரா. வகுப்பில் கற்பிப்பவர் நீண்டகாலம் கற்றவராய் இருத்தல் வேண்டும். ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவே வாய்க்கால் எவ்வாறோ, கல்லூரிக்கும் மக்களுக்கும் நடுவே இவ்வகுப்பு அவ்வாறு. ஆறு வற்றினால் வாய்க்கால் இல்லை. வாய்க்கால் தூர்ந்தால் ஆறு கடலுக்கே போகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இல்லை. லயத்து உபதேசியாரும் இல்லை. அவர் கற்ற வகுப்பில் எடுத்த குறிப்பேடுகளும், செபப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிய விளக்கங்களும் எங்கோ சில பெட்டிகளில் கிடக்கலாம். அவற்றின் தாள் இந்த ஈரக்காற்றில் நெடுநாள் தாங்காது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பணிபுரியும் தமிழாசிரியர்கள், சமய வேறுபாடு கருதாமல், தம் மாணவரின் வீடுகளில் அத்தகைய ஏடு உண்டா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். கிடைத்தால் படியெடுத்து வைக்க வேண்டும். இந்நாட்டில் தமிழ் உரைநடையை எளிய மக்கள் எவ்வாறு எழுதினர் என்பதற்கு அவற்றைவிடச் சிறந்த சான்று வேறு கிடைப்பது அரிது.